தமிழ் படித்தவனுக்கு வேலை இல்லையாம்!

"தமிழ் படித்தால் சோறு கிடைக்காது" என்று கனவான்கள் சிலர் உபதேசிக்கிறார்கள். (அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கான்வென்டில்!) வேலையா இல்லை? ஆலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளியின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போனால் மனுவும் ஆங்கிலம், தீர்ப்பும் ஆங்கிலம். தன் வயிற்றைப் பற்றிய தீர்ப்பைப் படித்துச் சொல்ல அவன் ஆள் தேடி அலைகிறான்! மொழிபெயர்ப்பு வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. சம்பளம் தரத்தான் மனமில்லை.

அரசியல் சட்டத்தின் 348(2) பிரிவு வழி விட்டிருக்கிறது. ராஜஸ்தானில் 1950லும், உத்தரப் பிரதேசத்தில் 1969லும் உயர்நீதிமன்றத்தில் இந்தி நுழைந்தது. தமிழுக்காக 2006ல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, அனுமதி கிடைக்கவில்லை. 2019 முதல் உச்சநீதிமன்றம் தீர்ப்புகளை மொழிபெயர்க்க யந்திரத்தைத் துணைக்கு வைத்திருக்கிறது. யந்திரம் பிழை செய்தால் வேலை இழப்பவன் யார்?

நாங்கள் கேட்கிறோம்: இரு மொழியும் கற்ற நம் பிள்ளைகளை நிரந்தரச் சம்பளத்தில் நியமி! தீர்ப்பின் தமிழ் நகலைக் காசு கேட்காமல் தொழிலாளி கையில் கொடு!