டிராகோனியனாம், டிராகோனியன்!

ஹெல்மெட் போடலைன்னா ஃபைன். உடனே 'டிராகோனியன்'! அபார்ட்மென்ட்ல ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தமா பாட்டு வைக்கக் கூடாது. 'டிராகோனியன்'! ஆபீஸுக்கு அரைமணி லேட்டா போனா அரைநாள் சம்பளம் கட். டிராகோனியனோ டிராகோனியன்! மக்களே, இந்த ஒத்த வார்த்தையை வெச்சுக்கிட்டு நாம பண்ற அலப்பறைக்கு ஒரு அளவே இல்லையா?

முதல்ல அர்த்தம். ஈவிரக்கமில்லாத, குற்றத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் கடுமையான என்று பொருள். பெரும்பாலும் சட்டம், தண்டனை, நடவடிக்கை இவற்றுக்குத்தான் இதைப் போடுவார்கள். அடிக்கிற வாத்தியாரைக் கொடூரமானவர் என்று திட்டலாம். அவர் போட்ட ரூல்தான் டிராகோனியன்.

பெயருக்குச் சொந்தக்காரர் டிராகோ. கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதியவர். காய்கறி, பழம் திருடினாலும் மரணதண்டனை, சும்மா சோம்பித் திரிந்தாலும் மரணதண்டனை என்று வைத்திருந்ததாக, சுமார் 700 வருஷம் கழித்து வந்த புளூட்டார்க் சொல்கிறார். கி.மு. 594 வாக்கில் சோலோன் வந்து, கொலை பற்றிய சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தூக்கிக் கடாசினார். அந்தக் கொலைச் சட்டத்தைப் பிற்பாடு கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் ஏதென்ஸில் இருக்கிறது. அதில் என்ன இருக்கு தெரியுமா? திட்டமிடாமல் கொன்றவனுக்கு நாடு கடத்தல்தான். செத்தவனின் உறவினர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மன்னிப்பும் உண்டு!

இன்னொன்று. அவருக்கு முன்னால் சட்டம் எழுத்தில் இல்லை. பெரிய குடும்பத்து ஆட்கள் வாயில்தான் இருந்தது. எது குற்றம், என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிப் போட்டவர் டிராகோ.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. 1985ல் வந்து 1995ல் காலாவதியான தடா, 2002ல் வந்து 2004ல் ரத்தான பொடா, 1967ல் இருந்து திருத்தித் திருத்தி நிற்கிற யு.ஏ.பி.ஏ. எல்லாவற்றையும் நம்ம ஆட்கள் டிராகோனியன் என்றுதான் திட்டுகிறார்கள். நானும் அந்தச் சட்டங்களுக்கு எதிரிதான். ஆனா அந்த வார்த்தை விஷயத்தை மறைக்குது சாமி! இவற்றில் பெரிய கொடுமை தீர்ப்புக்கு முன்னாலேயே நடக்கிறது. தடாவில் போலீஸ் எஸ்.பி.யிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சி. யு.ஏ.பி.ஏ.வில் 2008 திருத்தத்துக்குப் பிறகு, குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம், ஜாமீனும் குதிரைக்கொம்பு. பொடாவை நாடாளுமன்றத்தில் ஆதரித்த வைகோவே, அதே 2002ல் அதே பொடாவில் கைதாகி ஒன்றரை வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். எந்தத் தீர்ப்பும் வரவில்லை, எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. 'கடுமையான தண்டனை' என்கிற வார்த்தை இதைச் சொல்லுமா?

நம்ம கிராமத்து ஜனங்கள் இந்த விஷயத்தில் கெட்டி. 1911ன் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் பாய்ந்தபோது, அதுக்கு அவங்க வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. பிறந்த சாதிக்காக ஒரு மனுஷனின் கைரேகையைப் பிடுங்கியது அது. அதை எதிர்த்துத்தான் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். அந்தப் பெயரில் அடைமொழி எதுவும் கிடையாது. சட்டம் என்ன செய்யுதோ அதுதான் பெயர். கேட்டவுடனே புரியும்.

ஆகவே சகபதிவர்களே, அடுத்த தடவை ஒரு சட்டத்தைத் திட்டணும்னா, அது யாரை, எத்தனை நாள், எதுக்காகப் பிடித்து வைக்கும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதைவிடப் பெரிய வசவு வேற இல்லை. ஹெல்மெட் ஃபைனைத் திட்டணுமா? 'அநியாயம்'னு ஒரு வார்த்தை இருக்கு, தாராளமா அடிச்சு விடுங்க :-)