கூச்சிச் சுரங்கமும் தோட்டாக் கட்டணமும்

வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு வடமேற்கே உள்ள கூச்சிச் சுரங்கங்கள் இன்று புகழ்பெற்ற சுற்றுலாத் தலமாகும். பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்து 1940களில் தோண்டத் தொடங்கிய இவை, அமெரிக்கப் போர்க்காலத்தில் 200 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டன. கரையான் புற்றெனத் தோன்றிய துளைகளின்வழி மூச்சுவிட்டு, குண்டுமழைக்கு அடியில் மக்கள் சமைத்தனர், உறங்கினர், புண்பட்டோரைப் பேணினர்.

பயணியர் நுழைவதற்காகச் சில பகுதிகளை அகலப்படுத்தியுள்ளனர். அதனை நாம் குறைகூறோம். கண்ணால் கண்டாலன்றி வரலாறு நெஞ்சில் தைப்பதில்லை. போரால் நலிந்த நாடு வருவாய் தேடுவதும் தவறன்று. ஆயின், தோட்டாவுக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தித் துப்பாக்கி சுட்டு மகிழும் களமும் அங்கே இயங்குவதை எங்ஙனம் ஏற்பது? கூச்சியின் நினைவாலயத்தில் உயிரீந்தோர் 40,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களுக்குரியோர் கேட்டு நடுங்கிய ஒலியன்றோ இன்று விலைக்கு விற்கப்படுகிறது?

மாணவச் செல்வங்களே! அத்தகைய இடங்களுக்குச் செல்ல நேரின், தோட்டா வாங்காதீர்கள். இருளில் சற்றுக் குனிந்து நடந்து பாருங்கள். போரை விளையாட்டாகக் கொள்ளும் உள்ளம் அடுத்த போருக்கு அஞ்சாது.