42 போட்ட சட்டையும் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வியும்

2025 ஏப்ரல் 14 அன்று நான் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தேன். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அண்ணல் சிலைக்கு மாலை போடாத ஏப்ரல் 14. சித்தி மகன் அங்கே ஐ.டி. வேலையில் இருக்கிறான். விமான டிக்கெட் அவன் எடுத்துக் கொடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன்பே ஒரு தோழர், "களப்பணி செய்றவங்களுக்கு அமெரிக்கா டூர் எல்லாம் எதுக்கு?" என்று கேட்டிருந்தார். வருடம் ஒருமுறை குடும்பத்தோடு கோவாவோ தாய்லாந்தோ போய் வரும் ஆதிக்க சாதி முற்போக்காளர்களிடம் அவர் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நாம் மட்டும் செருப்புத் தேயத் தேய மனு எழுதிக்கொண்டே சாக வேண்டும் போலிருக்கிறது. எட்டு வருடம் பெரும்பாக்கத்தில் வேலை செய்த பிறகு மூன்று வாரம் சும்மா இருக்கப் போனேன். அதற்கு யாரிடமும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி வீட்டில் அம்பேத்கர் படம் படுக்கையறை அலமாரிக்குள் இருந்தது. துணி எடுக்கத் திறந்தபோது பார்த்தேன். கூடத்தில் ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். "ஆளுங்க வருவாங்கக்கா" என்றான். அன்று காலை அந்த அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால்தான் நாங்கள் இருவரும் கும்பிட்டோம்.

மறுநாள் பேஸ்பால் மேட்ச்சுக்குக் கூட்டிப்போனான். டாட்ஜர் ஸ்டேடியம். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸும் கொலராடோ ராக்கீஸும். கூட அவனோடு வேலை பார்க்கும் ஒரு தமிழர், அவர் மனைவி, பத்து வயது மகன். எங்களுக்கு மேல் அடுக்கில் இடம். 56,000 பேர் உட்காரும் மைதானம், பின்னால் பனை மரங்கள், அதற்கும் பின்னால் மலை. ஆட்டம் எனக்குப் பிடித்தது. பாதி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை, எல்லோரும் கடலை தின்றுகொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊர் கோயில் திருவிழாவில் நாடகம் பார்ப்பது போல. விதிகளை அந்தப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான்.

ஆட்டக்காரர்கள் எல்லோர் முதுகிலும் ஒரே எண், 42. இரண்டு அணிகளுக்கும். நடுவர்களுக்கும். எனக்கு யார் யாரென்றே தெரியவில்லை. பையன் பள்ளியில் படித்ததை ஒப்பித்தான். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அதுவரை அறுபது வருடத்துக்கும் மேலாக பெரிய லீக்கில் ஒரு கறுப்பரையும் ஆடவிடவில்லை. அவர் எண் 42. 1997-இல் எல்லா அணிகளும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லோரும் அதை அணிகிறார்கள். வெளியே அவருக்கு வெண்கலச் சிலையும் இருக்கிறது, சறுக்கிக்கொண்டு வரும் கோலத்தில்.

பையனின் அப்பாவும் 42 போட்ட சட்டைதான் அணிந்திருந்தார். அறிவிப்பு வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன்.

பையன் கேட்டான்: "ஆன்ட்டி, இண்டியாலயும் இந்த மாதிரி ஒருத்தர் இருந்தாரா?"

அவன் அப்பா முந்திக்கொண்டார். "அங்க அப்படியெல்லாம் இல்லடா. அது இங்க மட்டும்தான், ரேசிஸம்."

நான் பல்வங்கர் பாலூவின் கதையைச் சொன்னேன். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் களம் பராமரிக்கும் வேலை செய்துகொண்டே வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசி வளர்ந்தவர். இடதுகைச் சுழல். 1911-இல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது அந்த ஒரே பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். புனேயில் இந்துக்களின் கிளப்புக்கு அவர் விக்கெட் வேண்டும், ஆனால் தேநீர் இடைவேளையில் எல்லோரும் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் ஊற்றினார்கள். பம்பாய் இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டனாக்கவே இல்லை. அவர் தம்பி விட்டல்தான் பிற்பாடு, பெரும் சண்டைக்குப் பிறகு, 1923-இல் கேப்டன் ஆனார்.

"ஏன் வெளியே குடிக்கணும்?" என்றான் பையன்.

"கேம் பாருடா" என்றார் அப்பா.

அதற்கடுத்த இன்னிங்ஸில்தான் அந்தக் கேள்வி வந்தது. என்னிடம் திரும்பி, மரியாதையாக, சிரித்த முகத்தோடு: "உங்களுக்கு ஊரு எந்தப் பக்கம்?" விழுப்புரம் பக்கம் என்றேன். "விழுப்புரத்துல எங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" தம்பி என் கையை அழுத்தினான். எனக்கு அவன் அழுத்தியது புரிந்தது. ஆனால் சுற்றி ஆயிரக்கணக்கான முதுகுகளில் 42. "காலனி" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஓ, ஓகே ஓகே" என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி கொண்டுவந்த முறுக்கு டப்பா வேறு கைக்குப் போயிற்று. அது தற்செயலாகவும் இருக்கலாம். நமக்கு இருக்கும் கொடுமையே இதுதான், எது தற்செயல் எது இல்லை என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் ஒரு பெரிய கூட்டத்தின் சராசரி. 2023-இல் கலிபோர்னியாவில் எஸ்.பி. 403 என்று ஒரு மசோதா வந்தது. ஆயிஷா வஹாப் என்ற செனட்டர் கொண்டுவந்தார். பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதி என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. இந்த மசோதா இரு அவைகளிலும் பெரும்பான்மையோடு நிறைவேறியது. தலித்துகள் சாக்ரமெண்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இந்தியர்களின் அமைப்புகள் இது இந்துக்களைக் குறிவைக்கிறது என்று கிளம்பின. அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்துப் போட மறுத்தார். ஏற்கெனவே இருக்கும் சட்டங்களே போதுமாம். நம்மவர்கள் ஒரு சொல்லைத்தான் கேட்டார்கள். வீடு கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை.

தம்பி அலுவலகத்தின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் அந்த மசோதாவை எதிர்த்து மனுவில் கையெழுத்துக் கேட்டார்களாம். அவன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருந்தான். 42 சட்டைக்காரர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

இங்கேதான் மாணவத் தோழர்களிடம் எனக்கு ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. 42-ஐக் கொண்டாடுவது அவர்களுக்கு எளிது, ஏனென்றால் அந்தக் குற்றம் வேறு யாரோ செய்தது. ஆனால் அமெரிக்க வெள்ளையர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். ஜாக்கி ராபின்சனை ஒரு நல்ல பிள்ளையாக, அடித்தாலும் திருப்பி அடிக்காதவராக மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்தபோது, 1944-இல், பஸ்ஸில் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னதற்கு மறுத்து ராணுவ விசாரணையைச் சந்தித்தவர் அவர். குற்றமில்லை என்று தீர்ப்பு வாங்கி வெளியே வந்தார். இறந்த ஆண்டான 1972-இல் வந்த தன்வரலாற்றில், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கத் தன்னால் முடியாது என்று எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில், இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, உலகத் தொடர் மைதானத்தில் அவரைக் கௌரவித்தபோது, கறுப்பர் ஒருவர் மேனேஜராக இருப்பதைப் பார்த்தால்தான் தனக்கு நிறைவு என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். முதல் கறுப்பு மேனேஜர் 1975-இல்தான் வந்தார். நான் பார்த்த விழாவில் அன்று இந்த ஜாக்கி வரவே இல்லை. நான் போவதற்கு ஒரு மாதம் முன்புதான், 2025 மார்ச்சில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இணையத்திலிருந்து அவருடைய ராணுவ சேவை பற்றிய பக்கத்தைத் தூக்கியிருந்தார்கள். கூச்சல் எழுந்த பிறகு திரும்பப் போட்டார்கள்.

"தகுதி" என்ற சொல்லையும் இங்கே பேசிவிடலாம். இட ஒதுக்கீட்டு விவாதத்தில் உங்களை எதிர்கொள்ளும் அதே சொல். கறுப்பர்களுக்கு எழுத்தில் தடை கிடையாது, முதலாளிகளுக்குள் ஒரு வாய்மொழி உடன்பாடு, அவ்வளவுதான். தகுதியான ஆள் இல்லை என்பார்கள். ஊரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை என்று எங்காவது பலகையா எழுதி வைத்திருக்கிறார்கள்? ஒதுக்கப்பட்டவர்கள் 1920 முதல் தங்களுக்கென்று நீக்ரோ லீக்குகளை நடத்தினார்கள். அந்த ஆட்டங்களின் கணக்கை 2024-இல்தான் பெரிய லீக் தன் பதிவேட்டில் சேர்த்தது. சேர்த்த அன்றே நூறு வருடமாக முதலிடத்தில் இருந்த டை காப்பின் சராசரி .367 கீழே போய், ஜோஷ் கிப்சனின் .372 மேலே வந்தது. கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் செத்துப்போனார்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ராபின்சனை எடுத்தபோது அவர் ஆடிக்கொண்டிருந்த கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு டாட்ஜர்ஸ் ஒரு காசு கொடுக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போக, கறுப்பர்களின் லீக்குகள் சில ஆண்டுகளில் காய்ந்துபோயின. கதவு திறந்தது, ஆனால் வீடு அவர்களுடையதாகவே இருந்தது. நம்மில் ஒருவருக்கு ஒரு நாற்காலி கிடைத்ததும் போஸ்டர் அடிக்கிறோமே, அப்போது நம் இரவுப் பாடசாலை என்ன ஆயிற்று, விடுதி என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.

அந்த மைதானம் இருக்கும் நிலம் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். சாவேஸ் ரவீன் என்று பெயர். பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று மெக்சிகக் குடியிருப்புகள் அந்தக் குன்றுகளில் இருந்தன. வேறிடத்தில் அவர்களுக்கு வீடு தர மாட்டார்கள், அதனால் அங்கே. 1950 ஜூலையில் நகர வீட்டுவசதி நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது: அரசு குடியிருப்பு கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள், புது வீட்டில் உங்களுக்கே முன்னுரிமை. பெரும்பாலானோர் கிளம்பினார்கள். பிறகு அந்தத் திட்டத்தைக் கம்யூனிசம் என்றார்கள், அதற்காகப் பேசிய அதிகாரி ஃபிராங்க் வில்கின்சனை வேலையை விட்டு அனுப்பினார்கள், 1953-இல் புது மேயர் வந்து திட்டத்தையே ரத்து செய்தார். 1958-இல் வாக்கெடுப்பு வைத்து, குறுகிய வித்தியாசத்தில், நிலத்தை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். 1959 மே 8 அன்று மிச்சமிருந்த அரேச்சிகா குடும்பத்தின் பெண் ஒருவரைக் கைகால் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், புல்டோசர் வீட்டை இடித்தது. கூடாரம் போட்டு அங்கேயே கிடந்தார்கள். ஊர் பரிதாபப்பட்டது. அப்போது ஒரு பத்திரிகை அந்தக் குடும்பத்துக்கு வேறு வீடுகள் இருப்பதாகச் செய்தி போட்டது. பரிதாபம் போயிற்று.

இதைப் படித்தபோது பெரும்பாக்கம் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? கூவம் கரையில் இடிக்கும்போதும் முதலில் பரிதாபம், அப்புறம் "அவன் குடிசைக்குள்ள எல்.ஈ.டி. டி.வி. இருக்கு, பைக் இருக்கு." ஏழை முழு ஏழையாக இருந்தால்தான் அவனுக்கு உரிமை. இடிக்கிறவனிடம் எத்தனை வீடு என்று எந்தப் பத்திரிகையும் எண்ணாது.

பாலோ வெர்டே தொடக்கப்பள்ளியின் கூரையைக் கழற்றி, மண்ணைக் கொட்டி மூடினார்களாம். கார் நிறுத்துமிடத்துப் பக்கம் எங்கோ அது அடியில் கிடக்கிறது. இதைத் தம்பி சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மெக்சிகர்கள் பல பேர் இருபது வருடம் அந்த மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை என்றும், 1981-இல் ஃபெர்னாண்டோ வேலன்சுவேலா என்ற மெக்சிக இளைஞன் பந்து வீச வந்த பிறகுதான் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்றும் சொன்னான். அன்று எங்கள் வரிசையில் பாதிப் பேர் ஸ்பானிஷில்தான் பேசினார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் நிலத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

காரில் திரும்பும்போது தம்பி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் பேசினான். "நீ பத்து நாள்ல போயிடுவக்கா. நான் இங்க இருக்கணும். என் விசா, என் புராஜெக்ட், என் பிள்ளையோட பிறந்தநாளுக்கு யார் வராங்க யார் வரல, எல்லாம் இவங்களோடதான்." என்னிடம் பதில் இல்லை. சாதியை மறைப்பவன் கோழை என்று மேடையில் பேசியிருக்கிறேன், உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்தக் காரில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் மேடையிலும் அப்படிச் சொல்ல மாட்டேன். அவனைத் தனியாக நிறுத்திவைத்து வீரம் கேட்கிறோம். பதில் பேசாமல் இருக்கச் சம்மதித்த பிறகுதான் ராபின்சனுக்கே சட்டை கொடுத்தார்கள் என்பது போலக் கதை சொல்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் இரண்டே வருடத்தில் அவர் திருப்பிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்போது அவருக்குப் பின்னால் கறுப்பர் பத்திரிகைகள் இருந்தன, சங்கங்கள் இருந்தன, மைதானம் நிறையக் கறுப்பு மக்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறோம்? எஸ்.பி. 403 வந்த மாதங்களில் நான் ஒரு பதிவுகூடப் போடவில்லை. அமெரிக்காக்காரன் பிரச்சினை என்று விட்டுவிட்டேன். படித்துப் போனவர்கள் சொகுசாக இருக்கிறார்கள் என்ற எரிச்சலும் உள்ளே இருந்தது.

இதை எழுதலாமா என்று அவனைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுது, பெயரும் கம்பெனியும் மட்டும் வேண்டாம் என்றிருந்தான். கூடவே ஒரு படம். மகனின் பிறந்தநாளுக்கு அலங்கரித்த கூடம், பலூன்கள், கேக். சுவரில் அலமாரிக்குள் இருந்த அந்தப் படம். யார் யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.