பழைய போர்விமானங்களைப் பறக்கவிடலாமா?

தருமபுரி ஜில்லாவில் எம் ஊராகிய ஏரியூர், மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு அணித்தேயுள்ளது. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்த காலத்து நாகமறைப் பரிசல் துறையில் நின்று அக்கரைப் பண்ணவாடியை நோக்குவார்க்கு, 1934இல் அணை முடிவுற்றபின் நீருள் மறைந்த பழைய நந்தியின் தலையும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளிப்பட்டுத் தோன்றும். கூட்டங் கூட்டமாய்ச் சென்று கண்டு, கடலை வாங்கித் தின்று, வீடு திரும்புவோம். நீர் ஏறியதும் நந்தியை மறந்துவிடுவோம். பழம்பொருளைப் போற்றுதல் என்பது நம்மவருக்குப் பெரும்பாலும் இவ்வளவே.

சென்ற விடுமுறையில் என் தம்பி மகனுடன் பெங்களூர் சென்றிருந்தபோது, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கம்பெனியார் 2001இல் திறந்துவைத்த விமானப் பொருட்காட்சிச் சாலையைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. ஆங்கே, ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் என்பாரின் தலைமையில் நம் நாட்டிலேயே வகுக்கப்பெற்று, 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள் முதன்முதல் வானில் எழுந்த 'மாருத்' என்னும் போர்விமானம் நிற்கின்றது. பையன் அதனைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்பு, "பெரியப்பா, இது இப்பவும் பறக்குமா?" என்று கேட்டான். "பறக்காது" என்றேன். "அப்போ இது பொம்மையா?" என்றான். யான் யாதும் விடையளித்திலேன். அக்கேள்விக்கு இயன்ற அளவில் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பழைய போர்விமானங்களைக் கூடத்துள் நிறுத்திக் காத்தலே முறை என்பார் ஒரு சாரார். பறக்கவிட்டே காத்தல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். பறக்குந்தோறும் தேய்வு உண்டு, விபத்தும் நேரலாம், ஒருமுறை வீழ்ந்த பொருளை மீளப் பெறுதல் அரிது என்பன முன்னவர் கூற்று. பின்னவர் கூற்றை விளக்க எங்கள் கிணற்று எண்ணெய் எஞ்சினே போதும். என் தகப்பனார், மழை பெய்து நீரிறைக்கத் தேவையில்லாத மாதங்களிலும், வாரம் ஒருமுறை அதனைக் கைப்பிடியாற் சுழற்றி ஓட்டி நிறுத்துவார். பெரியவர் வீண் செலவு செய்கிறாரே என்று எண்ணுவேன். மின்சார மோட்டார் வந்தபின் அவ்வழக்கம் நின்றது. இரண்டே ஆண்டில் எஞ்சின் இறுகிப்போயிற்று. ஓடாத எஞ்சினில் எண்ணெய் வடிந்து கீழே தங்கிவிட, உருளையின் சுவர் துருப்பிடிக்கின்றது. ரப்பர் வளையங்கள் வறண்டு வெடிக்கின்றன. ஆண்டுக்கொரு முறை வடம் பிடிக்கும் தேரின் சக்கரம் பழுதுபார்க்கப்படுகின்றது; ஓடாத தேரைக் கறையான் பார்த்துக்கொள்கின்றது. தேர் ஓடுவதனால் தச்சனும் இருக்கின்றான் என்பதே ஈண்டு முக்கியம்.

நிற்க. நம் நாட்டு வான்படையார் இவ்விரண்டாம் வழியையும் கைக்கொண்டுள்ளனர் என்பது பலர் அறியாத செய்தி. பழைய விமானங்களைப் பறக்கவிடுதற்கென்றே 1988இல் அவர்கள் ஒரு தனிப் பிரிவை நிறுவினர். இடையில் நின்றுபோன அம்முயற்சி மீண்டும் தளிர்த்து, 2012இல் ஒரு 'டைகர் மாத்' விமானம் வான்படை நாளன்று ஹிண்டன் தளத்தில் பறந்தது. மரமும் சீலையும் கொண்டு சமைத்த ஈரடுக்கு இறக்கை விமானம் அது. நம் விமானிகளின் முதல் தலைமுறையார் பலரும் பயிற்சி பெற்றது அதில்தான். பின்னர் 'ஹார்வர்டு' என்னும் பயிற்சி விமானமும் சேர்ந்தது.

யாவற்றினும் சிறந்த வரலாறு 'டக்கோட்டா' விமானத்தினுடையது. 1947 அக்டோபர் 27ஆம் நாட் காலை, சீக்கியப் படையின் முதற் பட்டாளத்தை லெப்டினென்ட் கர்னல் ரஞ்சித் ராயின் தலைமையில் ஸ்ரீநகரில் இறக்கியவை டக்கோட்டாக்களே. அவ்விமானத் தளம் அன்று நம் கையில் இருக்கின்றதா, எதிரிகள் கைப்பட்டதா என்பது சென்றவர்க்கே தெரியாது. அடுத்த ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், மெஹர் சிங் என்னும் விமானி, ஜெனரல் திம்மையாவை உடனிருத்திக்கொண்டு, பதினாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள லே நகரில், முன்பின் எவரும் இறங்கியிராத மணல் திடலில் டக்கோட்டாவை இறக்கினார். அதே விமானங்கள்தாம் தேசப் பிரிவினையின்போது அகதிகளை ஏற்றி வந்தன. முற்றுகைக்குட்பட்ட பூஞ்ச் நகருக்கு உணவைக் கொண்டு சென்று, திரும்புகையில் மக்களைச் சுமந்து வந்தன. கொலைக் கருவிகளுக்கு விழா எடுப்பதா என்று வினவும் அன்பர்கள் இதனையும் சிந்தித்தல் நலம்.

தம் தந்தையார் ஏர் கமடோர் எம். கே. சந்திரசேகர் டக்கோட்டா விமானியாய் இருந்த காரணத்தால், ராஜீவ் சந்திரசேகர் என்பார் அத்தகைய விமானமொன்றை வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிட்டு, வான்படைக்குப் பரிசாக வழங்கினார். 'பரசுராமா' எனப் பெயர் பெற்ற அது, 2018 ஏப்ரலில் இங்கிலாந்தினின்று புறப்பட்டுப் பல நாடுகளில் தங்கித் தங்கிப் பறந்து ஜாம்நகர் வந்து சேர்ந்து, மே மாதம் 4ஆம் நாள் ஹிண்டனில் முறைப்படி படையிற் சேர்க்கப்பெற்றது. அதன் வாலில் எழுதப்பட்டுள்ள வி.பி. 905 என்னும் எண், 1947இல் ஸ்ரீநகர் சென்ற விமானத்தின் எண்ணாகும். ஆயின் இவ்வுடல் அவ்விமானத்தின் உடலன்று. இங்கிலாந்தில் வேறு தொழில் செய்துகொண்டிருந்த மற்றொரு டக்கோட்டாவின் உடல். இதனைக் கேட்டுச் சிலர் முகஞ் சுளிப்பர். யான் சுளிக்கவில்லை. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுதல் நம் வழக்கமன்றோ? பேரனைப் பாட்டனே என்று பிறரிடம் சொல்லாதிருந்தால் போதும்.

என் வருத்தம் பிறிதொன்றைப் பற்றியது. டைகர் மாத்தும் டக்கோட்டாவும் செப்பனிடப்பட்டது எங்கே? இங்கிலாந்தில். செப்பனிடும் கை நம்மிடம் ஒருகாலத்து இல்லாமலிருந்ததோவெனின், அன்று, இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், நான்கு எஞ்சின் கொண்ட 'லிபரேட்டர்' என்னும் பெருங் குண்டுவீச்சு விமானங்களை ஆங்கிலேயர் கான்பூரில் விட்டுச் சென்றனர். வெறுமனே விட்டுச் செல்லவில்லை. இனி எவரும் பயன்படுத்தலாகாதென்று வேண்டுமென்றே சிதைத்துச் சென்றனர். அக்குப்பைமேட்டில் ஒன்றன் உறுப்பை மற்றொன்றிற்குப் பூட்டி, பறக்கும் நிலைக்கு எவ்வாறோ கொணர்ந்து, ஒவ்வொன்றாய்ப் பெங்களூருக்கு ஓட்டி வந்து, ஹிந்துஸ்தான் கம்பெனித் தொழிலாளர் புதுப்பித்தனர். இங்ஙனம் 40க்கு மேற்பட்ட விமானங்கள் உயிர்பெற்றன. 1948 நவம்பரில் அவற்றைக்கொண்டு ஒரு படைப்பிரிவே அமைந்தது. 1968 வரை அவை உழைத்தன. உலகில் 18,000க்கு மேற்பட்டுச் செய்யப்பட்ட லிபரேட்டர்களுள் இன்று எஞ்சியுள்ளவை மிகச் சில; அச்சிலவற்றுள்ளும் பல, பெங்களூர்த் தொழிலாளரின் கைபட்டவை. இங்கிலாந்தின் வான்படைப் பொருட்காட்சிச் சாலையிலுள்ளது அத்தகையது. இங்கிருந்து சென்ற மற்றொன்று, அமெரிக்காவில் மீண்டும் செப்பம் பெற்று 1989இல் பறந்தது. நம்மவர் குப்பையினின்று எடுத்தளித்ததைப் பிறர் பொன்னெனப் போற்றுகின்றனர். நாமோ நம் விமானத்தைச் செப்பனிடக் கடல் கடந்து அனுப்புகின்றோம்.

இதனாற் பறத்தலின் ஆபத்தை மறைக்கக் கருதினேன் அல்லேன். 2015 ஆகஸ்டு 22ஆம் நாள் இங்கிலாந்தில் ஷோர்ஹாம் என்னுமிடத்தே பழைய 'ஹண்டர்' ஜெட் விமானமொன்று நெடுஞ்சாலையில் வீழ்ந்து 11 பேர் மாண்டனர். வேடிக்கை பார்க்கக் கட்டணங் கொடுத்தவர் அல்லர் அவர்கள். 2019 அக்டோபரில் அமெரிக்காவில் பழைய குண்டுவீச்சு விமானமொன்று பிரயாணிகளுடன் வீழ்ந்து 7 பேர் இறந்தனர். அது, மேற்கூறிய லிபரேட்டரைப் பறக்கவிட்ட அதே சபையாருடையது. பராமரிப்பிற் குறையிருந்ததென விசாரணையில் வெளிப்பட்டது. 2022 நவம்பரில் டல்லாஸ் நகரில் இரு பழைய விமானங்கள் வானில் மோதி 6 பேர் மடிந்தனர். இவற்றைக் கண்டபின்னும் எல்லா விமானத்தையும் பறக்கவிடுக என்று கூறுவது அறிவன்று.

ஆதலின் என் கருத்து இது. மாருத் பறக்க வேண்டுவதில்லை. ஜெட் விமானத்தின் வேகம் பிழை பொறுப்பதன்று. அதன் எஞ்சினுக்குரிய உதிரிகளும் அருகிவிட்டன. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 விமானங்களும், 60 ஆண்டுக்கு மேல் உழைத்த களைப்புத் தீர, நிழலில் நிற்கட்டும். உலகில் ஒன்றோ இரண்டோ எஞ்சிய எதனையும் தரையினின்று எழுப்பலாகாது. டைகர் மாத், ஹார்வர்டு, டக்கோட்டா போன்று மெதுவாய்ச் செல்வனவும், உடன்பிறந்தார் பலர் உலகெங்கும் உள்ளனவும் பறக்கட்டும். குடிகளின் வீட்டுக் கூரைமேல் அன்று. விமானத் தளத்தின் எல்லைக்குள், குட்டிக்கரணம் முதலிய வித்தைகளின்றி, ஆண்டுக்குச் சில நாள் பறந்தாற் போதும். பொம்மையா என்று கேட்ட பையனுக்கு அவ்வெஞ்சினின் ஓசையும் எண்ணெய் நாற்றமுமே தக்க விடையாகும்.

அவற்றைச் செப்பனிடும் பட்டறை இங்கேயே இருத்தல் வேண்டும். சூலூரில் வான்படையின் பழுதுபார்க்கும் பணிமனை உண்டு. பெங்களூரோ எங்கள் ஜில்லாவிலிருந்து சில மணி நேரப் பிரயாணம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்பள்ளியிற் பயின்று ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். அவருட் பதின்மருக்குச் சீலை இழுத்துத் தைத்தல், மரச்சட்டம் இணைத்தல், 14 உருளை எஞ்சினைக் கழற்றிப் பூட்டல் ஆகியவற்றைக் கற்பிக்கச் சர்க்காருக்கு எத்துணைச் செலவாகிவிடும்? யுத்தகாலத்தில் சென்னை மாகாணத்துப் போர்நிதியைப் பெற்றதன் அடையாளமாக, இங்கிலாந்தின் 79, 234, 264ஆம் வான்படைப் பிரிவுகள் 'சென்னை மாகாணம்' என்னும் பெயரைத் தாங்கின. பிறர் விமானத்திற்கு அன்று ஈந்த நாட்டார், தம் விமானத்திற்கு இன்று ஈயமாட்டார் என்று யான் எண்ணவில்லை.

எங்கள் எஞ்சினைப் பற்றி ஒன்று கூற மறந்தேன். இறுகிப்போன அதனைச் சென்ற ஆண்டு ஓட்டிப் பார்க்க விரும்பி, பென்னாகரத்தில் ஒரு முதிய மெக்கானிக்கைத் தேடிச் சென்றேன். வந்து பார்த்தார், மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நான்காம் நாள் ஓட்டிக் காட்டினார். கூலி கேட்டபோது, "தம்பி, பணம் இருக்கட்டும். உங்க ஊர்ல இந்த வேலை கத்துக்க ஒரு பையன் கிடைப்பானா?" என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.