முதுகெலும்பு அறுவையும் நோயாளியைக் கிடத்தும் முறையும்

முதுகெலும்பில் அறுவை என்றதும் கத்தியைப் பற்றிய அச்சமே மக்கள் மனத்தில் முதலில் எழுகின்றது. அக்கத்தி உடலைத் தொடுமுன் நோயாளியை மேசையில் கிடத்தும் முறையைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும், கிடத்துவது அறுவைக்கு முன்னதான ஏவல் வேலையன்று. அறுவையின் ஒரு பகுதியே ஆகும்.

பெங்களூருவின் கீழ்த்திசையிலுள்ள ஜீவனஹள்ளியில் வாழும் ஒருவருக்கு இத்தகைய அறுவை தேவைப்பட்டால், ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் அதே நகரில் உள்ளன. அறுவை முடிந்து சில நாட்களில் அவர் வீடு திரும்புவார். அதன்பின் அவருடைய குறைகளைக் கேட்பவர் பெரும்பாலும் அப்பகுதியின் சுகாதார ஊழியரே. ஆகவே இது அறுவைக்கூடத்தாருக்கு மட்டும் உரிய பொருள் அன்று.

சம்மணமிட்டு நெடுநேரம் அமர்ந்தால் கால் மரத்துப் போவதை மாணவர் யாவரும் அறிவர். மரத்த காலை உடனே நீட்டிக்கொள்கிறோம். உறக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். மயக்க மருந்து பெற்றவருக்கோ இப்பாதுகாப்பு இல்லை. வலியை உணரவும் முடியாது, அசையவும் முடியாது. முதுகெலும்பு அறுவையில் அவர் பல மணி நேரம் குப்புறக் கிடக்க நேரிடுகின்றது.

அந்நிலையில் வயிறு அழுந்தினால், கீழ்ப்பெருஞ்சிரையில் குருதியோட்டம் தடைப்படும். முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைகளில் வால்வுகள் இல்லை என்பதை 1940-இல் பாட்சன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். தடைப்பட்ட குருதி அச்சிரைகளில் தேங்குவதால் அறுவையிடத்தில் குருதிப்பெருக்கு மிகும். இதைக் குறைக்கவே ரெல்டன், ஹால் என்ற இருவர், வயிறு தொங்கும்படி உடலைத் தாங்கும் நான்கு திண்டுகள் கொண்ட சட்டத்தை 1967-இல் வெளியிட்டனர். கிடத்தும் முறை அறுவையின் பகுதியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நரம்புகளுக்கும் தீங்கு நேரலாம். கையைத் தோளிலிருந்து 90 பாகைக்கு மேல் விரித்து வைத்தால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக்கற்றை இழுபடக்கூடும். முழங்கையின் உட்புறம் அழுந்தினால் சுண்டுவிரல் மரக்கும். இடுப்பெலும்பின் முன்புறம் அழுந்தினால் தொடையின் வெளிப்புறம் உணர்ச்சி குன்றும். முகம் சரியாகத் தாங்கப்படாது கண் அழுந்தினால் பார்வையே போகலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பார்வையிழப்பு முழுவதும் அழுத்தத்தால் வருவதன்று என்பர் சிலர். அது உண்மையே. அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கத்தின் பதிவேட்டைக் கொண்டு 2006-இல் வெளிவந்த ஆய்வில், முதுகெலும்பு அறுவைக்குப்பின் பார்வையிழந்த 93 பேரில் 83 பேருக்குப் பார்வை நரம்பின் குருதியோட்டக் குறைவே காரணமாகக் காணப்பட்டது. இவர்களில் 96 விழுக்காட்டினருக்கு, மயக்கம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்திருந்தது, அல்லது 1,000 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ குருதி இழப்பு நேர்ந்திருந்தது. இம்முடிவு கவனத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை, விரிவாக்கவே சொல்கின்றது. தலையை இதயத்தினும் தாழாமல் வைத்தலும், நெடிய அறுவையை இயன்றவிடத்து இரு கட்டங்களாகப் பிரித்தலும், இந்த அபாயத்தை நோயாளிக்கு முன்னரே எடுத்துரைத்தலும் கடமைகளாகின்றன.

இத்தகைய தீங்குகள் அரியவை எனக் கூறி அமைதல் தகாது. பார்வையோ கையின் வலிமையோ இழந்தவருக்கு அந்த அருமையால் யாதொரு ஆறுதலும் இல்லை. விலையுயர்ந்த சட்டம் இல்லை என்பதும் முழு விடையாகாது. அழுந்தும் இடங்களில் மெத்தை வைக்கவும், கைகளின் கோணத்தை நோக்கவும், கண்களை அடிக்கடி பார்க்கவும் பெருஞ்செலவு ஆவதில்லை. எவர் கிடத்தினார், எவ்வெவ்விடங்களில் தாங்கல் வைத்தார், எப்பொழுது மீண்டும் பார்த்தார் என்பவை அறுவைக் குறிப்பில் எழுதப்படல் வேண்டும். குறை கண்ட செவிலியோ உதவியாளரோ அறுவையை நிறுத்தச் சொன்னால், மருத்துவர் அதற்குச் செவிசாய்த்தல் வேண்டும்.

களப்பணியாளருக்கும் இதில் பங்குண்டு. தோளை முழுதும் உயர்த்த முடியாமை, முன்னரே உள்ள கை மரப்பு, கண்ணழுத்த நோய் ஆகியவற்றை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூறுமாறு நோயாளியைத் தூண்டலாம். விழித்தபின் பார்வை மங்கினால், அதை மயக்கத்தின் எச்சமென்று விடாமல் உடனே தெரிவிக்கும்படி குடும்பத்தாருக்கு அறிவுறுத்தலாம். வீடு திரும்பியவரிடம் முதுகின் புண்ணைப் பற்றி மட்டுமன்றி விரல்கள், தொடை, கண்கள் பற்றியும் கேட்டல் நலம். தொடை மரப்பு பெரும்பாலும் நாளடைவில் தணியும். கை வலிமை குன்றினாலோ காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். விதி என்று சொல்லி மறைந்துபோகும் குறைகள் இவ்வாறு கேட்கப்பட்டு எழுதப்பட்டாலன்றி, அவற்றைத் தடுக்கும் வழி அறுவைக்கூடத்திற்குப் புலப்படாது.