கடன்பட்ட கதாநாயகன்

1939-இல் ‘தி பிக் ஸ்லீப்’ நாவலில் வந்திறங்கிய ரேமண்ட் சாண்ட்லரின் துப்பறிவாளன் ஃபிலிப் மார்லோவுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வாடகை அறை, ஒரு சதுரங்கப் பலகை, குடிக்க விஸ்கி. அவன் அடிபட்டுச் செத்தால் பட்டினி கிடக்க ஓர் ஆளில்லை. ‘ஹார்டு பாயில்டு’ எனப்படும் கரடுமுரடான துப்பறிவாளர்களின் வீரத்தில் பாதி இந்த ஒண்டிக்கட்டை வாழ்க்கை தந்தது என்பது என் கட்சி.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் எஸ்.ஏ. காஸ்பி அங்கேதான் கைவைத்தார். அவருடைய ‘பிளாக்டாப் வேஸ்ட்லேண்ட்’ (2020) நாவலின் பியூரகார்ட், வர்ஜீனியா கிராமப்புறத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். முன்பு கொள்ளையர்களுக்குக் கார் ஓட்டியவன். ஊரில் புது ஒர்க்‌ஷாப் வந்து வாடிக்கை போய்விட்டது. அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் பாக்கி. பிள்ளைகளின் செலவு வேறு. நகைக்கடைக் கொள்ளைக்கு அவன் தலையாட்டும்போது நாமும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம், வழி தெரிவதில்லை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அவனுக்குள் பொங்கும் ஆனந்தத்தையும் காஸ்பி மறைக்கவில்லை. வறுமைதான் காரணம் என்று அவனும் தப்பிக்க முடியாது, நாமும் தப்பிக்க முடியாது.

அடுத்த ஆண்டு வந்த ‘ரேசர்பிளேடு டியர்ஸ்’ இன்னும் வலிக்கும். ஒருவரையொருவர் மணந்த இரு ஆண்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பழிவாங்கக் கிளம்பும் அப்பாக்கள் இருவரும், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், மகன் உயிரோடு இருந்தவரை அவனை ஏற்க மறுத்தவர்கள். அவர்களுடைய கோபம் பாதி தங்கள் மேலேயே. காஸ்பிக்கு உவமைகள் கொஞ்சம் அதிகம். கடைசி அத்தியாயங்களில் துப்பாக்கிச் சத்தமும் அதிகம். அந்த அப்பாக்களுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

டேவிட் ஹெஸ்கா வன்பிலி வெய்டன் வேறொரு கதவைத் திறக்கிறார். அவர் லகோடா பழங்குடியைச் சேர்ந்தவர், சட்டம் படித்தவர். பழங்குடி நிலத்தில் நடக்கும் கொலை, வன்புணர்வு போன்ற குற்றங்களை 1885-ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்க ஒன்றிய அரசின் கையில் கொடுத்தது. அரசு வழக்கறிஞர்களோ பல வழக்குகளைத் தொடுவதே இல்லை. அதனால் ‘விண்டர் கவுண்ட்ஸ்’ (2020) நாவலின் வர்ஜில், தெற்கு டகோட்டாவில் காசு வாங்கிக்கொண்டு குற்றவாளிகளை அடித்து நொறுக்குகிறான். அவன் வளர்க்கும் சகோதரி மகனையே ஹெராயின் தேடி வரும்போது, அடிப்பது எதற்கும் தீர்வாக இல்லை. அடியாள் ஏன் உருவாகிறான் என்பதற்குச் சட்டப் புத்தகத்திலிருந்தே காரணம் காட்டிய துப்பறியும் நாவலை நான் அதிகம் படித்ததில்லை.

கார் பிடித்தவர்கள் காஸ்பியிடமிருந்து தொடங்குங்கள். மற்றவர்கள் நேராக வெய்டனிடம் போகலாம்.