மெல்லிய நரம்பும் பெரிய சூரையும்

செங்கோட்டையில் கடல் இல்லை. ஆனாலும் சந்தையில் சூரை வாங்கும் நமக்கு, அது எப்படிப் பிடிபட்டது என்பதில் அக்கறை வேண்டும். பெருஞ்சூரையை மெல்லிய தூண்டில் நரம்பில் மணிக்கணக்கில் போராடவிட்டுப் பிடிப்பதே வீரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடல் வெப்பத்தைத் தக்கவைக்கும் மீன் அது. போராட்டம் நீள நீளச் சூடேறி, அமிலம் சேர்ந்து, சிவந்த சதை வெளிறிப்போகும். திரும்ப விட்டுவிடுகிறோமே என்பார்கள். அப்படிக் களைத்துப்போன மீனெல்லாம் பிழைப்பதில்லை.

லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்கள் உயிர் இரை வீசி, கழித்தூண்டிலால் சூரையை நொடிகளில் படகுக்குள் இழுத்துப் போடுகிறார்கள். அது சிறிய வரிச்சூரைக்குத்தான் சரிப்படும் என்பது நியாயமான மறுப்பு. அப்படியானால் பெரியதற்கு வலுத்த நரம்பைக் கட்டுங்கள். ஏற்றியதும் இரத்தம் வடித்து, ஐஸில் புதையுங்கள்.